குஞ்சு பாடப் பழகும் நாட்கள்

எங்கள் ஜீப்ரா ஃபிஞ்ச் (கூண்டில் வளர்க்கும் சிறு பறவை) குஞ்சுக்கு 40 நாள் ஆகிறது. சில நாட்களாக மூலையில் உட்கார்ந்து, மெட்டே இல்லாமல் ஏதோ முணுமுணுக்கிறது. நோயாக இருக்குமோ?

நன்றாகத் தின்று பறந்து திரிகிறதென்றால் நோயன்று. அது ஆண் குஞ்சு என்று தெரிந்துகொள்ளலாம், ஏனெனில் இந்த இனத்தில் ஆண் மட்டுமே பாடும். ஏறத்தாழ 35 நாளில் தொடங்கும் இந்த முணுமுணுப்பு, குழந்தையின் மழலையைப் போன்றது: ஒருமுறை எழுப்பிய ஒலி மறுமுறை அப்படியே வராது, வரிசையும் நிலைக்காது. முதிர்ந்த பறவையின் பாட்டை இயக்கும் மூளைப்பகுதியைச் செயலிழக்கச் செய்த பின்னும் குஞ்சின் மழலை நிற்கவில்லை என்று 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். மழலைக்கு மூளையில் வேறொரு பகுதியே பொறுப்பு. சுமார் 25 நாள் முதல் 65 நாள் வரை கேட்ட தந்தையின் பாட்டு நினைவில் பதிந்திருக்க, குஞ்சு தன் குரலைத் தானே கேட்டு, அந்த நினைவோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே போகும். 90 நாள் வாக்கில் பாட்டு உறைந்துவிடும். பிறகு பெரும்பாலும் மாறாது.

தன் குரலைக் கேட்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பறவை ஆய்வாளர் மார்க் கோனிஷி 1965-இல் வட அமெரிக்க வெண்முடிச் சிட்டுகளைக் கொண்டு நிறுவினார். பெரியவற்றின் பாட்டை முன்பே கேட்டிருந்தும், பாடத் தொடங்குமுன் செவித்திறனை இழந்த குஞ்சுகளால் அதைப் பாட முடியவில்லை.

ஒரு மாதக் குஞ்சைத் தனியாக வாங்கி வந்து, கைபேசியில் பாட்டுப் போட்டுக் காட்டினால் கற்றுக்கொள்ளுமா?

சும்மா ஒலிக்கவிடும் பதிவிலிருந்து இவை சரியாகக் கற்பதில்லை. தானே விசையைக் கொத்தி ஒலிக்கச் செய்யும்போது ஓரளவு கற்கின்றன. உயிருள்ள ஆசானுக்கு ஈடில்லை. தானாகத் தின்னத் தொடங்கியதுமே குஞ்சுகளைப் பிரித்து விற்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை; இரண்டு மாதமாவது தந்தையின் கூண்டில் இருக்கட்டும். ஆசான் இன்றி வளர்ந்த ஆணின் பாட்டில் சில ஒலிகள் அளவுக்கு மீறி இழுபடும். ஆனாலும் அதனிடம் கற்ற குஞ்சு கொஞ்சம் திருத்திப் பாட, அதனிடம் கற்றது மேலும் திருத்த, மூன்று நான்கு தலைமுறைகளில் பாட்டு இயல்பான வடிவுக்கு வந்துவிட்டது என 2009-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

காக்கைக் கூட்டில் வளரும் குயில் ஏன் கரையாமல் கூவுகிறது?

கேட்டுப் பாடக் கற்கும் பறவைகளைப் ‘பாடும்பறவைகள்’ என்று தனிக் கூட்டமாக வகுப்பார்கள்; குயில் அக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று. அதன் கூவல் பிறப்பிலேயே அமைந்தது. விந்தை என்னவென்றால், வளர்த்த காக்கைதான் அக்கூட்டத்தைச் சேர்ந்தது.