பெருசா இருக்கற மாவுப்பூச்சியை நசுக்கிடாதீங்க

கேள்வி (அம்மாபேட்டை, சேலம்): அக்கா, மொட்டை மாடியில பத்துத் தொட்டி கத்திரி வெச்சிருக்கேன். கொழுந்தெல்லாம் வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி, வேப்பெண்ணெய் ரெண்டு தடவை அடிச்சும் போகல. இப்ப முடி முடியா தொங்கற மாதிரி பெரிய சைஸ்ல வேற வந்திருக்கு, அதைத் தேடித் தேடிக் குச்சியால நசுக்கறேன். கடையில மருந்து வாங்கி அடிச்சிடட்டுமா?

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தக் குச்சியைக் கீழ போடுங்க! நீங்க நசுக்கறது பெரும்பாலும் மாவுப்பூச்சியே இல்ல, அதைத் திங்கற பொறிவண்டோட புழு. பார்க்க அதே வெள்ளை மாவு, அதனாலதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. நாளைக்குக் காலைல வெளிச்சத்துல உக்காந்து ஒரு ஈர்க்குச்சியால லேசா தொட்டுப் பாருங்க. மாவுப்பூச்சின்னா அரிசி மாதிரி அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும், நகர்ந்தாலும் மெதுவாத்தான். இந்தப் புழு அதைவிட ரெண்டு மூணு மடங்கு நீளம், தொட்டதும் விறுவிறுன்னு ஓடும். வளர்ந்தா கறுப்பு முதுகும் செம்மண் கலர் தலையுமா சின்ன வண்டு. கிரிப்டோலேமஸ்னு பேரு, ஆஸ்திரேலியா வண்டு, காப்பிச் செடியோட செதில் பூச்சிக்காக 1898லயே நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்தது.

கடை மருந்து அடிச்சா முதல்ல சாகறது இதுதான், மெழுகுக்குள்ள ஒளிஞ்சிருக்கற மாவுப்பூச்சி பாதி தப்பிச்சு பத்து நாள்ல திரும்ப வந்துடும், அப்ப திங்கறதுக்கு ஆளே இருக்காது. நம்ம மாவட்டத்துலயே பாருங்க, 2020ல நம்ம நாட்டுக்குள்ள வந்த மரவள்ளி மாவுப்பூச்சியால எத்தனை பேர் காடு வீணாச்சு, கடைசியில பெனின் நாட்டுல இருந்து ஒரு குட்டிக் குளவியை வரவழைச்சு 2022 மார்ச்ல ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல விட்டாங்க. அது மாவுப்பூச்சி உடம்புக்குள்ளயே முட்டை வெச்சு அதைக் காலி பண்ணிடும். அந்தக் குளவி உங்க கத்திரிக்கு வராது, ஆனா பூச்சியைப் பூச்சிதான் அடக்கும்னு நம்ம ஊர்லயே கண்ணால பார்த்தாச்சு இல்லையா.

அடுத்தது எறும்பு. நீங்க எழுதல, ஆனா கண்டிப்பா தண்டுல ஏறிக்கிட்டு இருக்கும். மாவுப்பூச்சி விடற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்குது, வண்டு வந்தா கடிச்சுத் துரத்துது. தொட்டி ஸ்டாண்டோட கால்ல கிரீஸ் தடவுங்க, இலை சுவத்துல உரசாம தள்ளி வைங்க, இல்லாட்டி அந்த வழியா ஏறிடும். ரொம்ப அப்பிக்கிட்ட கொழுந்தை வெட்டி கவர்ல கட்டிப் போட்டுடுங்க. மிச்சத்துக்கு இலையோட அடிப்பக்கம் பைப் தண்ணியை வேகமா பீய்ச்சினாலே பாதி உதிரும். அப்புறமும் இருந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப் நல்லா கரைச்சு, சாயங்காலமா, புழு இல்லாத கிளையில மட்டும் அடிங்க. சோப்பு இல்லாம எண்ணெயும் தண்ணியும் சேராது, உங்களுக்குக் கேட்காததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். யூரியா, மீன் அமிலம்னு அடிக்கடி ஊத்தறீங்கன்னா கொறைங்க, தழதழன்னு கொழுந்து வந்தா பூச்சிக்குத்தான் விருந்து.

கேள்வி (சூரமங்கலம், சேலம்): போர் தண்ணிதான் ஊத்தறேன். மண்ணு மேல வெள்ளையா படியுது, புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. அடுப்புச் சாம்பல் போடச் சொல்றாங்க, போடலாமா?

பதில்: வேண்டாங்க, சாம்பல் காரம். உங்க மண்ணுல ஏற்கனவே சுண்ணாம்பு ஏறியிருக்குன்னுதான் தோணுது, அப்படி இருந்தா மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் வேர் எடுக்க முடியாது, புது இலை வெளுத்துடும். நானும் தெரியாம ரெண்டு வருஷம் சாம்பல் போட்டு தக்காளியைக் கெடுத்திருக்கேன், அந்தத் தப்பை நீங்க பண்ணக்கூடாது. ஒரு ஸ்பூன் காஞ்ச மண்ணை எடுத்து எலுமிச்சை புழிஞ்சு காது பக்கத்துல வைங்க, சொய்னு நுரைச்சா சுண்ணாம்பு இருக்கு. சரியா தெரிஞ்சுக்கணும்னா சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துல மண் பரிசோதனைக்குக் கொடுங்க. மழை பெய்யறப்ப தண்ணியைப் பிடிச்சு வெச்சு ஊத்துங்க, மக்குன தொழு உரம் நிறைய, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, மேல காஞ்ச இலை மூடாக்கு. வெயில் நேரடியா மண்ணுல படாம இருந்தாலே உப்பு மேல ஏறறது குறையும்.

கேள்வி (ஏற்காடு): நாங்களும் சாம்பல் போடக்கூடாதா? முட்டைகோஸை நத்தை வேற தின்னுடுது.

பதில்: உங்க மலை மண்ணு புளிப்பு ஜாஸ்தி, அதனால சலிச்ச விறகுச் சாம்பல் கொஞ்சமா தூவலாம். நத்தைக்கு அது வேலி ஆகாதுங்க, ஒரு தூறல் விழுந்தா கரைஞ்சுடும். ஈரச் சாக்கை பாத்தி ஓரத்துல ராத்திரி விரிச்சு வைங்க, விடியக்காலைல தூக்கிப் பார்த்தா அடியில கூட்டமா இருக்கும், எடுத்து உப்புத் தண்ணி பக்கெட்டுல போடுங்க, அந்தத் தண்ணியை மட்டும் தோட்டத்துல கொட்டிடாதீங்க. வெறுங்கையால தொடவும் வேண்டாம், சிலதுல மனுசங்களுக்கு ஆகாத புழு இருக்கும், சின்னப் பிள்ளைங்களைப் பொறுக்க அனுப்பாதீங்க.