வாசகர் கேள்வி – பதில்: விமானப்படை முதலில் கேட்கும் காகிதம்

கேள்வி: எங்கள் மகனுக்கு 16 வயது. 9 வயதில் எங்களுடன் அமெரிக்காவுக்கு வந்தான். 5 ஆண்டுகளுக்கு முன் எங்கள் மூவருக்கும் கிரீன் கார்டு கிடைத்தது. விமானப்படையில் போர் விமானியாக வேண்டும் என்பதே அவனுடைய ஓயாத பேச்சு. விமானப்படை விமானியும் விண்வெளி வீரருமான ராஜா சாரியின் படத்தை அறையில் ஒட்டி வைத்திருக்கிறான். கணிதத்தில் கெட்டிக்காரன். அவனை எந்தப் பயிற்சியில் சேர்க்கலாம்? (ஒரு தாய், நியூஜெர்சி)

பதில்: பயிற்சியைத் தேடுவதற்கு முன், அம்மா, நீங்களோ உங்கள் கணவரோ குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா என்பதைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் மகனின் மதிப்பெண் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, இந்த ஒன்று மட்டும் இல்லை. அமெரிக்கப் படைகளில் விமானம் ஓட்டுபவர்கள் கமிஷன் (முறையான அதிகாரி நியமனம்) பெற்ற அதிகாரிகளாகவோ, தரைப்படையின் ஹெலிகாப்டர் பிரிவில் வாரண்ட் அதிகாரிகளாகவோ (தொழில்திறனுக்காக நியமிக்கப்படும் அதிகாரிகள்) இருப்பார்கள். இந்த இரு நிலைகளுக்கும் அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் சிப்பாயாகவோ விமானப்படையின் தொழில்நுட்பப் பணியாளராகவோ சேரலாம்; விமானி இருக்கையில் அமர முடியாது. ராஜா சாரியின் தந்தை ஹைதராபாத்திலிருந்து வந்தவர் என்றாலும், ராஜா சாரி மில்வாக்கியில் பிறந்தவர், ஆகவே பிறப்பிலேயே குடிமகன். உங்கள் மகன் கடக்க வேண்டிய முதல் வாசல் அவர் பாதையில் இருக்கவே இல்லை.

அந்த வாசலின் சாவி இப்போதைக்கு மகனிடம் இல்லை, பெற்றோராகிய உங்களிடம்தான் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் குடியுரிமைச் சட்டத்தின்படி, கிரீன் கார்டு பெற்று அமெரிக்காவில் பெற்றோரின் பொறுப்பில் வாழும் பிள்ளைக்கு, தாய் தந்தையரில் ஒருவர் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்றே குடியுரிமை தானாக வந்துவிடுகிறது. தனி விண்ணப்பமோ தனித் தேர்வோ கிடையாது. ஒரே நிபந்தனை, அன்று பிள்ளைக்கு 18 வயது நிறைந்திருக்கக் கூடாது. கணக்கில் எடுக்கப்படுவது நீங்கள் விண்ணப்பம் அனுப்பிய தேதி அல்ல, உறுதிமொழி எடுத்த தேதி. விண்ணப்பம் மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடும் என்பதால், 16 வயதுப் பிள்ளையின் பெற்றோருக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது என்ற நினைப்பு ஆகாது. கிரீன் கார்டு பெற்று 5 ஆண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்க இடமுண்டு. நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள்.

நம்மவர்களில் பலர் இந்த விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் ஊர்ப்பாசம். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இங்கே உறுதிமொழி எடுத்தால் அங்கே கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். அந்தத் தயக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை வீட்டில் ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நீங்கள் விண்ணப்பிக்காமலே இருந்தாலும் 18 வயதில் மகன் தானே விண்ணப்பிக்கலாம், கதவு அடைபட்டுவிடாது. ஆனால் கொலராடோவில் உள்ள விமானப்படை அகாடமியில் சேரும் நாளில் அவன் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கு முன் காங்கிரஸ் உறுப்பினர் அல்லது செனட்டர் போன்றோரின் பரிந்துரையும் பெற வேண்டும், அந்த வேலை பள்ளியின் கடைசி ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிடும். அங்கே கல்விக் கட்டணமே கிடையாது என்பதால் போட்டி கடுமை. குடியுரிமைத் தாள் தபாலில் வரும் என்று காத்திருக்கும் மாணவனுக்கு அந்த ஓராண்டு கைநழுவும்.

இதற்கிடையில் மகன் சும்மா இருக்க வேண்டியதில்லை. விமானப்படையின் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோலில் 12 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் கேடட்டாகச் சேரலாம். கிரீன் கார்டு போதும். சிறு விமானத்தில் 5 முறையும் கிளைடரில் 5 முறையும் அறிமுகப் பறப்பு இலவசமாகக் கிடைக்கும். தனியார் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்க விரும்பினால், குடிமகன் அல்லாதவர் கிரீன் கார்டு வைத்திருந்தாலும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் முன்அனுமதி பெற்றாக வேண்டும். இதை அறியாமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது. பெற்றோர் எச்-1பி வேலை விசாவிலும் நான் அவர்களைச் சார்ந்தவருக்கான எச்-4 விசாவிலும் இருக்கிறோம். எங்கள் கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று தெரியவில்லை. படையில் சேர்ந்தால் குடியுரிமை விரைவில் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? (ஒரு மாணவர், டெக்சாஸ்)

பதில்: கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு உண்மை, உங்களுக்கு இல்லை. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகான காலம் போர்க்காலமாக அறிவிக்கப்பட்டிருப்பதால், படையில் நற்பெயருடன் பணியாற்றுபவர் 5 ஆண்டு காத்திருக்காமல், கட்டணமும் இல்லாமல் குடியுரிமை கேட்கலாம். ஆனால் படையில் சேர்வதற்கே கிரீன் கார்டு வேண்டும். விசாவில் இருப்பவர்களை மொழித்திறனுக்காகவும் மருத்துவத் திறனுக்காகவும் சேர்த்துக்கொண்ட மாவ்னி என்ற திட்டம் ஒன்று இருந்தது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இடம்பெற்றிருந்தது. 2016-இல் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்துச் செய்தியை இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம்.

21 வயதானால் எச்-4 தகுதியும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கசப்பாக இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். உங்களிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறது. உங்கள் குறி விமானி இருக்கை என்றால் இந்திய விமானப்படையையும் கணக்கில் எடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் பெற்றவர்கள், 20 முதல் 24 வயதுக்குள் அந்தப் படையின் நுழைவுத் தேர்வான அஃப்கேட் வழியாகப் பறக்கும் பிரிவுக்கு முயலலாம். அமெரிக்கக் கனவைக் கைவிடச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். வயது வரம்பு உள்ள வேலையில் வரிசை நகரும்வரை நாள்காட்டி காத்திருக்காது.

கேள்வி: கண்ணாடி அணிபவர்கள் விமானி ஆக முடியாது என்று என் தம்பியிடம் பள்ளியிலேயே சொல்லிவிட்டார்களாம். அவன் மனம் உடைந்து போயிருக்கிறான். (ஒரு வாசகி, இல்லினாய்)

பதில்: அது பழைய கதை. அமெரிக்க விமானப்படையின் பொதுவான அளவுகோல், கண்ணாடி இல்லாமல் தூரப்பார்வை 20/70-க்குக் (நல்ல பார்வையுள்ளவர் 70 அடியில் காண்பதை 20 அடியில் காண்பது) குறையாமலும், கண்ணாடியுடன் 20/20 ஆகவும் இருக்க வேண்டும் என்பதே. லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் விதிவிலக்கு வழங்குகிறார்கள். ஆனால் விதிகளைப் படிக்காமல் அவசரப்பட்டு அறுவை செய்துகொள்வது ஆபத்து. நிறக்குருடு மட்டும் பெரும்பாலும் கடக்க முடியாத தடை. அதை இப்போதே சோதித்துக்கொள்வது நல்லது. 13 வயதுக்குப் பிறகும் தொடர்ந்த ஆஸ்துமாவும் தடையாகும்.

தம்பிக்கு இந்திரலால் ராயைப் பற்றிச் சொல்லுங்கள். 1898-இல் கல்கத்தாவில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் லண்டனுக்குப் போனவர். முதல் உலகப்போரின்போது பிரிட்டனின் அன்றைய விமானப் படைப்பிரிவான ராயல் ஃபிளையிங் கோரில் சேர விண்ணப்பித்தபோது, பார்வை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுகருத்து பெற்று, முதல் முடிவை மாற்றவைத்தார். 1917 ஜூலையில் கமிஷன் கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் விமானம் விழுந்து நினைவிழந்த அவரை இறந்ததாக எண்ணிப் பிணவறையில் கிடத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. மறுபடி உடல்தகுதி இல்லை என்றார்கள். மறுபடி போராடித் திரும்பினார். 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் 10 வான்போர் வெற்றிகளைப் பெற்று, அம்மாதம் 22-ஆம் தேதி பிரான்சின் வானில் 19 வயதில் இறந்தார். முடிவைப் பின்பற்றச் சொல்லவில்லை. ஒரு மருத்துவர் சொன்னதையே இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாத அந்தப் பிடிவாதத்தைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: அகாடமியில் இடம் கிடைக்காவிட்டால் விமானி ஆக வேறு வழி உண்டா? தேர்வு எப்படி இருக்கும்? (ஒரு கல்லூரி மாணவர், ஜார்ஜியா)

பதில்: உண்டு. கல்லூரியில் படித்தபடியே ஆர்ஓடிசி என்ற அதிகாரிப் பயிற்சித் திட்டம் வழியாக வரலாம், பட்டம் பெற்றபின் அலபாமாவில் உள்ள அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்கும் விண்ணப்பிக்கலாம். மாநில அளவில் இயங்கும் துணை விமானப்படையான ஏர் நேஷனல் கார்டின் பிரிவுகள் தங்கள் விமானிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றன. நம்மவர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத வழி இது. பட்டம் இல்லாமலே பறக்க விரும்புபவருக்குத் தரைப்படையின் ஹெலிகாப்டர் வாரண்ட் அதிகாரித் திட்டம் இருக்கிறது.

எழுத்துத் தேர்வு, அதாவது அஃபோக்ட், நம் பிள்ளைகளை அவ்வளவாக மிரட்டாது. அடுத்து வரும் டீபாஸ் சோதனைதான் வேறு மாதிரி. கையில் விமானத்தின் பிடி, காலடியில் பெடல்கள். திரையில் ஓடும் இலக்கைக் கையும் காலும் தனித்தனியே துரத்த வேண்டும், அதே நேரத்தில் ஹெட்ஃபோனில் வரும் எண்களில் குறிப்பிட்டவை கேட்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். மனப்பாடம் இங்கே உதவாது. இவ்விரண்டின் மதிப்பெண்ணோடு, நீங்கள் ஏற்கெனவே பறந்த மணிநேரங்களையும் சேர்த்து 1 முதல் 99 வரை ஒரே மதிப்பெண்ணாகத் தருகிறார்கள். ஆகவே வசதியிருந்தால் 17 வயதில் பெறக்கூடிய தனியார் விமானி உரிமம் வீண்செலவு அல்ல. தேர்வானவர்கள் டெக்சாஸ், ஓக்லஹோமா, மிசிசிப்பி மாநிலத் தளங்களில் டி-6 பயிற்சி விமானத்தில் தொடங்கி, ஏறத்தாழ ஓராண்டில் விமானி முத்திரையைப் பெறுகிறார்கள்.

கேள்வி: மகள் விமானப்படைக்குப் போகிறேன் என்கிறாள். சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுப் பயணிகள் விமானத்துக்கு மாறிவிடலாம் என்று நினைக்கிறோம். ஊரில் எங்கள் உறவினர்களும் நிலமும் இருப்பது இடைஞ்சலாகுமா? (ஒரு தந்தை, கலிஃபோர்னியா)

பதில்: அந்தச் 'சில ஆண்டுகள்' என்பது 10 ஆண்டுகள், ஐயா. விமானிப் பயிற்சி முடிந்த நாளிலிருந்து கணக்கிட்டு, விமானப்படையில் அத்தனை ஆண்டு பணியாற்ற ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். மேலும், இது இலவசமாக விமானம் கற்றுத்தரும் பள்ளி அன்று. ஆணை வந்தால் போருக்குப் போக வேண்டிய வேலை. அதை மகள் யோசித்துவிட்டாளா என்று கேளுங்கள். அவள் யோசித்திருக்கிறாள் என்றால், பிறகு பயணிகள் விமானப் பேச்சை எடுக்காதீர்கள்.

இந்தியாவில் பாட்டியும் சித்தப்பாவும் இருப்பது குற்றமன்று. பாதுகாப்பு அனுமதிக்கான நீண்ட படிவத்தில் வெளிநாட்டு உறவுகள், சொத்து, வங்கிக் கணக்கு, பயணங்கள் அனைத்தையும் கேட்பார்கள். இருப்பதால் வரும் சிக்கலைவிட மறைப்பதால் வரும் சிக்கலே பெரிது. அவள் பெயரில் ஊரில் வைப்புத்தொகை ஏதும் போட்டிருந்தால் அதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். தன் பெயரில் கணக்கு இருப்பதே தெரியாமல் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிடுவது அவளுக்குத்தான் கேடு. இன்னொன்று, வெளிநாட்டு ராணுவத்தில் பணியாற்றுபவர்களும் ஓய்வு பெற்றவர்களும் ஓசிஐ அட்டைக்குத் (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு விசா இல்லாமல் வந்துபோக உதவும் அட்டை) தகுதியற்றவர்கள் என்பது இந்திய அரசின் விதி. ஆகவே அவள் ஊருக்கு வர விசா எடுக்க வேண்டியிருக்கும். நிலத்தை அவள் பெயருக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு முடிவெடுங்கள்.