சந்தன எண்ணெய் தடவினால் முடி வளருமா?

“தோலிலும் வாசனை உணரி இருக்கிறதாமே, முடி கொட்டுகிறது, சந்தன எண்ணெய் தடவலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

இது பற்றி 2018இல் வந்த ஆய்வு சோதித்தது சாண்டலோர் என்ற செயற்கை வாசனைப் பொருளை. எண்ணெயில் இருப்பது சாண்டலால். மணம் ஒத்தாலும் மூலக்கூறு வேறு. சாண்டலோர், முடிவேரின் வெளியுறையிலுள்ள ஓஆர்2ஏடி4 என்ற வாசனை உணரியைத் தூண்டியது. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி கூடி, செல்சாவு குறைந்து, முடியின் வளர்பருவம் நீண்டது. அதுவும் ஆய்வகத்தில் உயிரோடு வைத்திருந்த தலைத்தோல் துண்டுகளில்! முகர்ந்தும் பயனில்லை, பொருள் வேரைத் தொட வேண்டும்.

கலக்காத சந்தன எண்ணெய் சிலருக்கு ஒவ்வாமை தரும். சொறியச் சொறிய இருக்கிற முடியும் உடையும்.

காய்ச்சல், பிரசவம், பட்டினி டயட் எதுவானாலும் 2-3 மாதம் கழித்தே முடி கொட்டும். அப்படி ஏதாவது நடந்ததா என்று பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். கூடவே ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டிஎஸ்எச் (தைராய்டு) இரண்டு இரத்தப் பரிசோதனைகளும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.