எஸ்டோனியாவில் இருவர், இரண்டு பைகள், ஒரு கூடாரம்: எவ்வளவு நடக்கலாம்?

கேள்வி: நானும் கணவரும் கோவையில் வேலை பார்க்கிறோம். வெள்ளியங்கிரி, கொடைக்கானல் பக்கம் மலை ஏறிய பழக்கம் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் 12 நாள் எஸ்டோனியாவில் முதுகுப்பையோடு நடக்க ஆசை. அங்கே 375 கி.மீ. நீளமுள்ள காட்டுப்பாதை இருக்கிறதாம். அதை முழுவதும் முடிக்க முடியுமா? எல்லா இரவும் கூடாரத்தில் தங்கினால் செலவு குறையுமே? நான் சைவம். கரடி, விசா, சாமான் பிரிப்பது எல்லாவற்றையும் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: முழுப் பாதையை விட்டுவிடுங்கள். 375-ஐ 12-ஆல் வகுத்தாலே நாளுக்கு 31 கி.மீ. வருகிறது. போக வர, கடைக்குப் போக என்று இரண்டு நாள் கழித்தால் 37-ஐத் தாண்டிவிடும். எஸ்டோனியா சமதரை நாடுதான், அதன் மிக உயர்ந்த குன்றான சூர் முனமாகி வெறும் 318 மீட்டர். அதனால் எளிது என்று தோன்றும். ஆனால் மலையேற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்றுவிடுவோம். சமதரையில் நிற்கவே தோன்றாது. சரளைக்கல் போட்ட காட்டுச் சாலையில் ஒரே சீராக நடந்து நடந்து, மூன்றாம் நாள் பாதம் கொப்புளித்துவிடும். சுமையோடு நாளுக்கு 15 கி.மீ. என்று கணக்கு வையுங்கள். அதுவும் உங்கள் இருவரில் மெதுவாக நடப்பவரின் 15 கி.மீ. அவரையே முன்னால் நடக்கவிடுங்கள். வேகமாக நடப்பவர் முன்னால் போய் நின்று, இவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்புவார். அவருக்கு ஓய்வு கிடைத்துவிடும், பின்னால் வந்தவருக்குக் கிடைக்காது. ஜோடிகளின் நடைப்பயணத்தில் சண்டை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நீங்கள் சொல்லும் பாதை ஓவாண்டு, ஏக்விடு வழியாக லாட்வியா எல்லையில் உள்ள இக்லா வரை போவது. அரசு வன நிறுவனமான ஆர்.எம்.கே. அதைப் பராமரிக்கிறது. மரங்களில் வெள்ளை, பச்சை, வெள்ளை என்று பட்டை தீட்டியிருப்பார்கள். இதில் ஓவாண்டு முதல் ஏக்விடு வரையிலான வடக்குத் துண்டு மட்டும் உங்களுக்குப் போதும். 1971-இல் அமைந்த லாஹேமா தேசியப் பூங்கா, சோவியத் ஒன்றியத்தின் முதல் தேசியப் பூங்கா அது, இந்தத் துண்டில்தான் வருகிறது. பைன் காடு, பாறை சிதறிய கடற்கரை, பழைய மீனவர் கிராமங்கள், அப்புறம் தெற்கே திரும்பினால் ஏரிகளும் சதுப்பு நிலமுமான கேர்வேமா. ஒரு வாரம் ஒதுக்கினால் அவசரமில்லாமல் நடக்கலாம். முடிவும் வசதியானது: ஏக்விடுவில் ரயில் நிலையம் இருக்கிறது, தலைநகர் டாலினுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். தொடங்கும் இடத்துக்குப் போவதுதான் கொஞ்சம் சிரமம். டாலினிலிருந்து ராக்வெரே வரை ரயில், அங்கிருந்து நாட்டுப்புறப் பேருந்து. நாளுக்குச் சில முறைதான் ஓடும், சனி ஞாயிறில் இன்னும் குறையும். பேயாடுஸ் என்ற தேசிய நேர அட்டவணைத் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தங்குவது பற்றி. ஆர்.எம்.கே. அமைத்த முகாம் இடங்களில் இலவசமாகக் கூடாரம் போடலாம். நெருப்பு மூட்டும் இடம், மேஜை, கழிப்பறை இருக்கும். சில இடங்களில் சின்ன மரக்குடில்களும் உண்டு, அவையும் இலவசம். முன்பதிவு கிடையாது. நீங்கள் படுத்திருக்கும்போது ராத்திரி பத்து மணிக்கு நான்கு பேர் வந்தால் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும். அதனால் குடிலை நம்பிக் கூடாரத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்த இடம் திறந்திருக்கிறது என்பதை அவர்களுடைய செயலியில் அந்தந்த வாரமே பாருங்கள். வேலி போடாத தனியார் நிலத்தில் பகலில் நடக்கலாம், பழம் பறிக்கலாம் என்பது அந்த நாட்டுப் பழக்கம், சட்டமும்கூட. ஆனால் அங்கே கூடாரம் போட உரிமையாளரைக் கேட்க வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் குறித்த இடம் தவிர வேறெங்கும் போடக் கூடாது.

இதெல்லாம் இலவசம் என்பதற்காக எல்லா இரவையும் காட்டில் கழிப்பது சிக்கனம் ஆகாது. மூன்று இரவுக்கு ஒரு இரவு கூரைக்குக் கீழே இருங்கள். வோசு, கேஸ்மு பக்கம் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. ஆகஸ்ட் கடைசியில் மழை வந்தால் கூடாரத் துணியும் காலுறையும் காட்டில் காயவே காயாது. ஈரக் காலணியோடு இரண்டு நாள் நடந்தால் மிச்சம் பிடித்த பணம் மருந்துக்கடைக்குப் போகும். மற்றபடி நீங்கள் தேர்ந்தெடுத்த காலம் நல்லதுதான். ஜூன் 23, 24-இல் வரும் கோடைத் திருநாளில் ஊரே காட்டில் இருக்கும், ஜூலையில் கொசுவும் மாட்டு ஈயும் படுத்தும். ஆகஸ்ட் கடைசியில் இரண்டும் தணிந்திருக்கும். புதர்களில் லிங்கன்பெர்ரி சிவக்கத் தொடங்கியிருக்கும். காளானைத் தெரிந்தவர் கூட இல்லாமல் தொடாதீர்கள்.

அந்த மாதத்தில் இரவு 5 டிகிரிக்கு அருகே இறங்கக்கூடும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் கம்ஃபர்ட், லிமிட் என இரண்டு வெப்ப அளவு போட்டிருக்கும். முதலாவது சராசரிப் பெண்ணின் உடலை வைத்துக் கணித்தது, இரண்டாவது ஆணுடையதை வைத்து. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் லிமிட்தான். 'இருவருக்கும் ஒரே மாடல்' என்று அதைப் பார்த்து வாங்கினால் அவர் தூங்குவார், நீங்கள் விடிய விடிய நடுங்குவீர்கள். உங்களுடையதில் கம்ஃபர்ட் 3 முதல் 5 டிகிரி இருக்கட்டும்.

சுமையைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பதுதான் உச்சம். 70 கிலோ உள்ளவர் 14 கிலோ தூக்கினால், 52 கிலோ உள்ளவர் 10 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். கூடாரம், அடுப்பு, பாத்திரம் பலமானவர் பையில். சாப்பாடு மற்றவர் பையில், ஏனென்றால் அது நாளுக்கு நாள் குறையும். சோர்வு கூடக்கூட அவருடைய பை லேசாகிக்கொண்டே வரும். ஆனால் மழைச்சட்டை, தண்ணீர், ஹெட்லாம்ப், விசில், வரைபடம் இறக்கிய ஃபோன் எல்லாம் ஆளுக்கு ஒன்று. 'அவர் பையில் இருக்கிறதே' என்ற நினைப்பு, காட்டுப்பாதை பிரியும் இடத்தில் ஒருவர் இடமும் ஒருவர் வலமும் போன அரைமணி நேரத்தில் விபரீதமாகிவிடும். அவசர எண் 112.

சைவச் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். ரிமி, செல்வர் போன்ற கடைகளில் அரிசி, மைசூர் பருப்பு, ஓட்ஸ், கெட்டியான கம்பு ரொட்டி எல்லாம் கிடைக்கும். முக்கியமாகக் கமா என்ற வறுத்த தானிய மாவு. பார்லி, கம்பு, ஓட்ஸ், பட்டாணி சேர்த்து அரைத்தது, நம் சத்துமாவின் ஒன்றுவிட்ட சகோதரி. தயிர் அல்லது மோரில் கலக்கினால் அடுப்பே பற்றவைக்காமல் காலைச் சாப்பாடு முடிந்தது. ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மிளகாய்ப்பொடி கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, பால் பவுடர் கூடாது: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது. அடுப்புக்கான கேஸ் கேனை விமானத்தில் எந்தப் பையிலும் வைக்க முடியாது. டாலினில் மாட்காஸ்போர்ட் போன்ற மலையேற்றப் பொருள் கடையில் வாங்குங்கள். விறகு இருக்கும் என்று நம்பி அடுப்பை விட்டுவிட வேண்டாம், வறட்சி நாட்களில் காட்டில் நெருப்பு மூட்டத் தடை வரும். சதுப்பு நிலத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். வடிகட்டிக் கொதிக்கவைத்தால் குடிக்கலாம், நிறம் மட்டும் போகாது. ஊர்க் குழாய்த் தண்ணீர் நன்றாகவே இருக்கும்.

கரடி இருக்கிறது, ஓநாயும் இருக்கிறது. மனித வாடை அறிந்தாலே ஒதுங்கிப்போகும், பார்த்தேன் என்று சொல்ல ஆள் கிடைப்பது அரிது. நான் பயப்படச் சொல்வது உண்ணிக்கு. புல்லிலும் புதரிலும் இருந்து ஏறும் இந்த உண்ணி அங்கே இரண்டு நோய்களைப் பரப்புகிறது. ஒன்று மூளைக்காய்ச்சல். அதற்குத் தனி மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. ஆனால் முதல் இரண்டு ஊசிக்கு இடையே வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம் இடைவெளி வேண்டும். அதனால் பயணத் தடுப்பூசி போடும் மருத்துவரை இப்போதே பாருங்கள், கடைசி வாரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று லைம் நோய். கடித்த இடத்தில் சில நாள், சில வாரம் கழித்துச் சிவப்பு வட்டம் விரிந்தால் ஊர் திரும்பிய பிறகானாலும் டாக்டரிடம் போய், உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள். ஆண்டிபயாடிக்கில் குணமாகும். பேன்ட்டைக் காலுறைக்குள் சொருகி நடங்கள். மாலையில் ஒருவருக்கொருவர் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, கழுத்து, காதுக்குப் பின்னால் என்று பாருங்கள். தனியாகப் போகிறவருக்கு இந்த வசதி இல்லை. ஒட்டியிருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். பண்ணைகளில் காய்ச்சாத ஆட்டுப்பால் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள், அதன் வழியாகவும் அந்த மூளைக்காய்ச்சல் வரும்.

விசாவில் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சிக்கல்: தங்குமிடச் சான்று. காட்டில் இலவசமாகத் தங்கும் இரவுக்கு ரசீது கிடையாது. பயந்து பொய்யாக ஹோட்டல் பதிவு காட்டாதீர்கள். விடுதி இரவுகளை உண்மையாகவே பதிவு செய்து, மற்ற இரவுகளுக்கு எந்த முகாம் இடம் என்று நாள்வாரியாக எழுதி, வரைபடத்தோடு முகப்புக் கடிதத்தில் சேருங்கள். பணக்கையிருப்பு தெளிவாக இருக்கட்டும். எஸ்டோனியாவுக்கு வேண்டியது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. அதற்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எனவே வழியில் எந்த நாட்டில் விமானம் மாறினாலும் விண்ணப்பம் எஸ்டோனியாவுக்கே.

ஏக்விடுவில் நடை முடிந்த பிறகு மூன்று நாலு நாள் மிஞ்சும். அதில் இன்னொரு காட்டைத் திணிக்க வேண்டாம். 1632-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கும் டார்ட்டுவுக்கு ரயிலில் போகலாம். இல்லையென்றால் டாலினிலிருந்து சாரெமா தீவின் குரெஸ்ஸாரேவுக்குப் பேருந்து, அது கப்பலில் ஏறிக் கடலைக் கடந்து உங்களைத் தீவிலேயே இறக்கிவிடும். என் விருப்பம் தீவு. பண்ணை விடுதி எடுத்தால் சௌனா என்ற வெப்பக் குளியல் அறை இருக்கும். அங்கே அதில் துணியில்லாமல் உட்காருவதுதான் வழக்கம். கூச்சமாக இருந்தால் 'எங்கள் இருவருக்கு மட்டும்' என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சூடேற்றத் தனிக் கட்டணமா, அறை வாடகையில் சேருமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.