வாசகர் கேள்விகள்: உப்பும் மணலும் சேர்ந்த வேதாரண்யம்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வேதாரண்யத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இவ்விதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி (திருச்சி வாசகர்): உப்புச் சத்தியாக்கிரகத்துக்குக் கடற்கரை எங்கும் இடம் இருந்தபோது, ராஜாஜி ஏன் திருச்சியிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து வேதாரண்யத்துக்குப் போனார்?

பதில்: நெடுவழியாக நடப்பதே அந்தப் போராட்டத்தின் பாதி வேலையாக இருந்தது. காந்தியடிகள் தண்டிக்கு நடந்தபோது வழியிலிருந்த குஜராத் கிராமங்கள் எழுச்சி பெற்றதைப் போல, காவிரிப் படுகை ஊர்களும் எழ வேண்டும் என்பது ராஜாஜியின் எண்ணம். 1930 ஏப்ரல் 13 அன்று, ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாளில், டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் இல்லத்திலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் அவர் புறப்பட்டார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏப்ரல் 28 அன்று வேதாரண்யத்தை அடைந்தார்கள்.

அப்போது தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஜே.ஏ. தார்ன். தொண்டர்களுக்குச் சோறு போடுவோரும் தங்க இடம் தருவோரும் சிறைக்குப் போவார்கள் என்று அவர் எச்சரித்தார். மக்கள் உணவுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். யார் கட்டியது என்று போலீஸ் கேட்டால் மரம் பதில் சொல்லப் போவதில்லை. தமிழ்நாட்டின் விடுதலைப் போராட்டத்தில் இவ்வளவு அமைதியான குறும்பு வேறு உண்டா என்பது எமக்கு ஐயமே.

இனி, ஏன் வேதாரண்யம் என்பதற்கு வருவோம். வேதரத்தினம் பிள்ளை என்ற உள்ளூர்க் காங்கிரஸ்காரர் தொண்டர்களை ஏற்று உபசரிக்கக் காத்திருந்தார் என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம் நிலத்தில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே பரந்துகிடக்கும் சதுப்பில் மழைக்காலத்துத் தண்ணீர் வற்றும்போது, பாத்தி கட்டாமலேயே உப்பு தரையில் பூத்துக் கிடக்கும். குனிந்து அள்ளினால் உப்பு. ஆனால் அள்ளுவது குற்றம். உப்புச் சட்டத்தின் அநியாயத்தை விளக்க இதைக் காட்டிலும் பொருத்தமான இடம் அமையாது. ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதன் பின்னும் தொண்டர்கள் அணி அணியாக உப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ருக்மிணி லட்சுமிபதி இப்போராட்டத்தில் சிறை சென்ற பெண்மணி. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் ‘கத்தியின்றி ரத்தமின்றி’ என்ற வழிநடைப் பாடல் இந்த யாத்திரைக்காகவே எழுதப்பட்டது.

உள்ளூரார் இன்றும் விரும்பிச் சொல்வது வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளியின் வரலாற்றை. முகம் மழித்துக்கொள்ள வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்; நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டபோதும் மீதியை மழிக்க மறுத்துச் சிறை சென்றார். அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் உண்டு.

கேள்வி (மதுரை வாசகி): கடல்நீரைத் தேக்கிக் காயவிட்டால் உப்பு கிடைத்துவிடும் என்றால், அதில் தொழில் நுட்பம் எங்கே இருக்கிறது? சில உப்பு ஏன் கசக்கிறது?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியே முதற் கேள்விக்கு விடை. கடல்நீரை முழுவதுமாகக் காயவிட்டால் கிடைப்பது சமையலுக்கு உதவாத கசப்புக் கலவை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் முக்கால் பங்குக்குச் சற்று மேற்பட்டதுதான் நாம் உண்ணும் சோடியம் குளோரைடு. எஞ்சியவை சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் சார்ந்தவை. இவை ஒரே நேரத்தில் படிவதில்லை. நீர் சுண்டச் சுண்ட, முதலில் சுண்ணாம்பு சார்ந்த ஜிப்சம் படியும். நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது சமையல் உப்பு படியத் தொடங்கும். மக்னீசியம் கடைசிவரை தண்ணீரிலேயே நிற்கும். ஆகையால், ஜிப்சம் படிந்த பிறகு நீரை அடுத்த பாத்திக்குக் கடத்துவதும், மக்னீசியம் படிவதற்கு முன் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றுவதும்தான் உப்பளத்தின் நுட்பம். கசப்பு நீரை வெளியேற்றச் சோம்பிய அளத்தின் உப்புதான் நாக்கில் கசக்கும்; காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துச் சீக்கிரம் கசியவும் செய்யும்.

நீரின் செறிவை போமே மானி என்ற கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டு அளக்கிறார்கள். கடல்நீர் அதில் மூன்று பாகை அளவில் இருக்கும். உப்பு விளையும் பாத்தியில் 25 பாகையைத் தாண்டியிருக்கும். 29 பாகைக்கு மேல் போனால் வெளியேற்ற வேண்டியதுதான். பழகிய தொழிலாளிக்குக் கருவி தேவைப்படுவதில்லை. பாத்தி நீரின் நிறமும் அதன் மேல் மிதக்கும் மெல்லிய ஏடும் போதும்.

வேதாரண்யத்தில் அகஸ்தியம்பள்ளி, கடிநெல்வயல், கோடியக்காடு ஆகிய பகுதிகளில் அளங்கள் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், பெரும்பாலும் ஜனவரியில், வெள்ளம் கலைத்துவிட்ட வரப்புகளைக் கட்டிப் பாத்திகளின் தரையை மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகவில்லையென்றால் நீர் கீழே ஊறிப் போகும். உப்பில் சேறும் ஏறும். கோடை முற்றும்போது விளைச்சல் உச்சத்தில் இருக்கும். பாத்தியின் அடியில் படிந்த உப்பை நீண்ட கம்பின் முனையில் குறுக்குப் பலகை பொருத்திய வாருபலகையால் வரப்பை நோக்கி இழுத்து, நீர் வடியவிட்டு, பின் அம்பாரமாகக் குவித்து மூடி வைப்பார்கள். வெயில் ஏறிய பின் வெள்ளைப் பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் விடியும் முன்பே வாரத் தொடங்கிவிடுவது வழக்கம். உப்பு நீரில் நாள்தோறும் நிற்பதால் பாதங்கள் வெடிப்பதும் கண்கள் எரிவதும் இத்தொழிலாளர்களின் நிரந்தரத் துன்பங்கள். கோடையில் ஒரு நாள் மழை பெய்தால் பாத்தியில் விளைந்தது கரைந்துபோகும். செறிவு குறைந்த நீரை மறுபடியும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். மழைக்கு ஏங்கும் மாவட்டத்தில் மழை வேண்டாமென்று வேண்டிக்கொள்ளும் தொழில் இது.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): அப்பரும் சம்பந்தரும் கதவு திறக்கவும் அடைக்கவும் பாடிய தலம் இதுதானா? ‘வேதாரண்யம் விளக்கழகு’ என்பதன் பின்னணி என்ன?

பதில்: ஆம், தேவாரத்தில் திருமறைக்காடு என வருவது இத்தலமே. வேதங்கள் பூசித்து அடைத்துச் சென்ற கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது என்றும், அதை மறுபடி அடைக்கச் சம்பந்தருக்கு முதற்பாட்டே போதுமாயிற்று என்றும் பெரியபுராணம் கூறுகிறது. திருவாரூர் தேரழகு என்ற வரிசையில் இவ்வூருக்கு விளக்கைச் சொல்வது பழைய வழக்கு. அணையப்போன விளக்கின் திரியைத் தன்னையறியாமல் தூண்டிய எலி மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்ற தலபுராணக் கதையும் இங்கே வழங்குகிறது. சிவன் தியாகராசராக விளங்கும் ஏழு விடங்கத் தலங்களில் ஒன்றாகவும் இதைப் போற்றுவர். தாயுமானவர் பிறந்த ஊர் இது என்பது மரபு. யாழ்ப்பாணத்து வரணி ஆதீனத்துக்கு இக்கோயிலோடு உள்ள பரம்பரைத் தொடர்பு, பாக்கு நீரிணையின் இரு கரையும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்குச் சான்று.

கேள்வி (சேலம் வாசகர்): எங்கும் உப்புத் தண்ணீராக இருக்கும் ஊரிலிருந்து முல்லைப்பூவும் மாம்பழமும் எப்படி வருகின்றன?

பதில்: இக்கேள்வியை ஊருக்குச் சென்றவர்தான் கேட்டிருக்க முடியும். வேதாரண்யத்தின் நிலம் ஒரே தன்மையுடையதன்று. கடல் காலங்காலமாக ஒதுக்கிச் சேர்த்த மணல்மேடுகள் கரைக்கு இணையாக நீண்டு கிடக்கின்றன. அவற்றுக்கு இடையிலும் மேற்கிலும் தாழ்வான உவர்ச் சதுப்பு. பருவமழையின் நீர் மணலில் இறங்கி, கீழே உள்ள உவர்நீரைவிட அடர்த்தி குறைந்ததால் அதன் மேலேயே மிதந்து நிற்கிறது. ஆழமில்லாத குட்டையோ கிணறோ வெட்டினால் நல்ல நீர் ஊறும். ஆசைப்பட்டு ஆழமாகத் துளையிட்டு விசைப்பம்பு வைத்து இழுத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும். தேத்தாகுடி, ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் பக்கத்து மா, தென்னை, முல்லை, மெல்லும் புகையிலை ஆகிய அனைத்தும் இந்த மெல்லிய நன்னீர்ப் படலத்தை நம்பியவை. குடிநீர் தனிக்கதை, அது கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களில் வருகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, இம்மேடுகளின் மாவும் தென்னையும் சவுக்கும் வேரோடு சாய்ந்தன. அளங்களில் கடற்சேறு ஏறியது. சேற்றை வழித்துவிட்டு அடுத்த பருவத்தில் அளத்தை மீட்டுவிடலாம். காய்ப்புக்கு வந்த மாமரத்தை மீட்க ஆண்டுகள் பல வேண்டும். நிவாரணத்தைக் கணக்கிட்டவர்கள் இவ்வேறுபாட்டை இன்னும் கருதியிருக்கலாம் என்பது எம் கருத்து.

கேள்வி (கோவை வாசகி): கோடியக்கரைச் சரணாலயத்துக்கு உப்பளங்கள் கேடு என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் வெளிமான்களும் காட்டுத்தனமாகத் திரியும் மட்டக்குதிரைகளும் உண்டு. சதுப்பையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு 2002 ஆகஸ்டில் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்பெயர் பெற்ற முதல் இடம் இதுவே. குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் வந்து இறங்குவது ஆழமற்ற நீரில்தான். அளத்தின் முதற்கட்டத் தேக்கங்கள் செறிவு குறைந்தவை. அவற்றில் சிற்றுயிர்கள் வாழ முடியும், பறவையும் மேய முடியும். உப்பு படியும் பாத்திகளில் பறவைக்கு உணவில்லை. சிறு அளங்கள் அடுத்தடுத்துச் செறிவில் வேறுபட்டு இருந்தவரை பெரிய இடையூறு இல்லை. சதுப்பின் பெரும்பரப்பு பெருந்தொழில் அளங்களாக மாறி, இயல்பான நீர்வரத்து வரப்புகளால் தடைப்பட்டதும், காட்டுக்குள் சீமைக்கருவேல் பரவியதும்தான் கவலைக்குரியவை. கையால் உப்பு வாரும் சிறு அளக்காரரையும் நூற்றுக்கணக்கான ஏக்கரைத் தேக்கும் ஆலையையும் ஒரே குற்றப்பத்திரிகையில் சேர்ப்பது நியாயமாகாது.

கேள்வி (சென்னை வாசகர்): கோடியக்கரையின் சோழர் கலங்கரை விளக்கத்தை இன்றும் பார்க்க முடியுமா?

பதில்: நின்ற நிலையில் முடியாது. செங்கல்லால் ஆன அந்தப் பழைய கோபுரம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இடிந்தது; அதன் சிதைவுகளையே பார்க்கலாம்.

கேள்வி (ஈரோடு வாசகர்): வேதாரண்யத்துக்கு ரயிலில் செல்ல முடியுமா? எந்த மாதம் உகந்தது?

பதில்: முடியும். உப்பு ஏற்றிச் செல்வதற்கு உதவிய பழைய மீட்டர்கேஜ் ரயில் பாதை நெடுங்காலம் மூடிக் கிடந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கிலோமீட்டர் பாதை அகலப்படுத்தப்பட்டு 2023 ஏப்ரலில் மறுபடியும் திறக்கப்பட்டது. பறவைகளைக் காண விரும்பினால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்லுங்கள். உப்பு வாருவதைக் காண விரும்பினால் ஏப்ரல், மே மாதங்கள் ஏற்றவை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புவோருக்குப் பிப்ரவரி இறுதியைச் சொல்லலாம். அப்போது பறவைகள் சில இருக்கும், பாத்திகளிலும் முதல் உப்பு படியத் தொடங்கியிருக்கும். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு அளங்களுக்குச் செல்வதாயின், காலை ஏழு மணிக்குள் சென்றுவிடுங்கள். அதன் பிறகு வேலை முடிந்து ஆட்கள் கரையேறிவிடுவார்கள்.