‘ஓடும் நதி’, ‘வெண்மேகம்’ என்று ஜூலுப் பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கலாமா?

தம்பி, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் நடக்கிற நாவல் எழுதுகிறீர்கள். அதில் வரும் ஜூலு மனிதர்களுக்கு ‘ஓடும் நதி’, ‘வெண்மேகம்’, ‘தனித்த கழுகு’ என்று பெயர் யோசித்து வைத்திருக்கிறீர்கள். பழங்குடியினர் உண்மையிலேயே இப்படித்தான் இயற்கையைப் பார்த்துப் பெயர் வைப்பார்களா என்று கேட்கிறீர்கள். கௌபாய் படம் பார்த்து வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அந்தப் படங்கள்தான் ஓடின, அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயர்களை வைக்காதீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆராய்ச்சி செய்தவள் இல்லை. டர்பனில் இந்தியர்கள் அதிகம் இருக்கிற சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். முப்பாட்டன் கிர்மிட்டில், அதாவது ஒப்பந்தக் கூலியாக, கரும்பு வெட்ட வந்தவர். பேச்சுத் தமிழ் பாட்டியிடமிருந்து வந்தது, எழுத்து கோயில் வகுப்பிலிருந்து. ஆயுசில் பாதி தையல் ஃபாக்டரியில் போயிற்று. எனக்குத் தெரிந்த ஜூலுவெல்லாம் மிஷின் சத்தத்துக்கு நடுவே கற்றதுதான். ‘இவள் யார் இதைச் சொல்ல’ என்று யாராவது கிளம்புவார்கள். அவர்கள் ஜூலு பேசுகிற வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

1973-இல் டர்பன் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் முடிந்த பிறகு நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. சேலை சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தேன். பக்கத்து மிஷினில் இருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்து, “நொம்வூலா” என்றாள். ம்வூலா என்றால் மழை, முன்னால் ‘நொ’ வந்தால் பெண். அவ்வளவுதான், நான் ஓய்வு பெறும்வரை அந்த வரிசையில் எனக்கு அதுதான் பெயர். மழைநாளில் பிறந்த ஜூலுக் குழந்தைகளுக்கு நிஜமாகவே வைக்கிற பெயர் அது. கேட்க எவ்வளவு கவித்துவமாக இருக்கிறது! அதே பெண்கள்தான் கண்ணாடி போட்ட சூப்பர்வைசருக்கு ‘மெஹ்லோமானே’, அதாவது நாலு கண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு பெயரும் ஒரே பட்டறையில் அடித்தவை. கண்ணில் பட்டதைச் சொல்வது, அவ்வளவே.

எனக்குப் பெயர் வைத்தவளின் வேலை அட்டையில் ‘வயலட்’ என்று இருந்தது. அதுவும் பூதானே, ஆனால் வெள்ளைக்காரன் பூப்பெயர் வைத்தால் ‘இயற்கையோடு இயைந்த இனம்’ என்று ஒருத்தரும் கட்டுரை எழுதுவதில்லை. வீட்டில் அவள் பெயர் ஸனேலே. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் ‘போதும், பெண்கள் நிறைந்துவிட்டார்கள்’ என்று வைப்பது. எங்கள் ஜனங்களிலும் போதும்பொண்ணு உண்டு என்றேன். தையலை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு எங்களுக்குள் உண்டான ஒட்டுதல் அவள் சாகும்வரை போகவில்லை.

ஜூலுப் பெயர் என்பது பெரும்பாலும் அந்த வீட்டின் சேதி. மழை வந்தது, மாடு செத்தது, மாமியார் திட்டினாள், ஆம்பிளைப் பிள்ளை இல்லை, அப்பன் வீட்டுக்கு வரவில்லை, எதுவும் பெயராகும். அண்டை வீட்டாரோடு மனஸ்தாபம் என்றால் நாய்க்குக் கூட ஒரு முழு வாக்கியத்தைப் பெயராக வைப்பார்கள். வேலி ஓரம் நின்று நாயைக் கூப்பிட்டால் கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும். ஸனேலேயின் அத்தை வீட்டில் அப்படி ஒரு நாய் இருந்தது. இனாண்டாவில் பிறந்த ஜான் டூபேயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1912-இல் தொடங்கிய கட்சிக்கு, பின்னால் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆனதே அதற்கு, முதல் தலைவர். அவருடைய ஜூலுப் பெயர் லாங்கலிபலேலே, ‘வெயில் கொளுத்துகிறது’. அதில் இயற்கை வருணனை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்வது நெற்றி வியர்வையைத் துடைக்கிற ஆள், சன்னல் வழியாக ரசிக்கிற ஆள் அல்ல.

நீங்கள் மனதில் வைத்திருக்கிற அமெரிக்கப் பழங்குடிப் பெயர்களும் அப்படித்தான். சிட்டிங் புல் (உட்கார்ந்த காளை) என்று உலகம் அறிந்த, லக்கோட்டா என்ற பழங்குடியின் தலைவரைச் சிறுவயதில் ‘மந்தமானவன்’ என்றே கூப்பிட்டார்கள். 14 வயது வாக்கில் சண்டையில் துணிச்சல் காட்டியதும் அவர் அப்பா தன் பெயரை மகனுக்குக் கொடுத்துவிட்டுத் தான் வேறு பெயர் வைத்துக்கொண்டார். இன்னொரு லக்கோட்டாத் தலைவர் கிரேஸி ஹார்ஸ் கதையும் அதுவே. மகனுக்குப் பெயரை விட்டுக்கொடுத்த அந்த அப்பா அதன் பிறகு ‘புழு’ என்ற பெயரோடு வாழ்ந்தார். புழுவும் இயற்கைதான் தம்பி, உங்கள் நாயகனுக்கு வைப்பீர்களா? பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒட்டிக்கொண்டிருக்கிற அழகான படம் இல்லை அது. கொடுப்பார்கள், வாங்குவார்கள், ஆள் மாறினால் பெயரும் மாறும். சினிமா பார்த்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

பெயரைப் பிடுங்குவதும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது. 1879-இல் பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளிக்கு லக்கோட்டாப் பிள்ளைகளைக் கொண்டுபோனபோது, கரும்பலகையில் வெள்ளைக்காரப் பெயர்களை எழுதி, ஆளுக்கு ஒன்றைக் குச்சியால் தொடச் சொன்னார்கள். எழுத்தே தெரியாத பிள்ளைகள் அவர்கள். ஒருவன் தொட்டது லூதர், அதன் பிறகு அவன் லூதர் ஸ்டாண்டிங் பேர். இங்கே மண்டேலாவுக்கு அப்பா வைத்த பெயர் ரோலிஹ்லாஹ்லா. மரக்கிளையைப் பிடித்து இழுப்பது என்று அர்த்தம், பேச்சுவழக்கில் வம்புக்காரன். பள்ளிக்கூடத்தில் முதல் நாளே டீச்சர் ‘நெல்சன்’ ஆக்கிவிட்டார். எங்கள் ஆண்களை வெள்ளைக்காரர்கள் ஒட்டுமொத்தமாக ‘சாமி’ என்றார்கள். ராமசாமி, முனுசாமி என்று முழுதாகச் சொல்ல நாக்கு வளையவில்லை. காந்தியும் இதை எழுதியிருக்கிறார். பெண்கள் எல்லாரும் ‘மேரி’. நான் வேலைக்குப் போன காலத்திலும் எனக்கு மேரி விழுந்தது, ஸனேலேக்கும் விழுந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

1860 முதல் 1911 வரை டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், சாதி, ஊர், உயரம், உடலில் என்ன தழும்பு என்று எழுதிவைத்தார்கள். என் முப்பாட்டனைப் பேரேட்டில் தேடினபோது பெயரை வைத்து அடையாளம் காண முடியவில்லை, குமாஸ்தா அப்படிச் சிதைத்திருந்தார். ஊர்ப்பெயரும் இடது புருவத் தழும்பும்தான் காட்டிக்கொடுத்தன. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எங்களைப் பார்த்து, “இந்தக் காலத்திலும் மூட்லி (முதலி), பிள்ளை, படையாச்சி என்று சாதியை வாலாகப் போட்டிருக்கிறீர்களே” என்று ஒரு மாதிரியாகக் கேட்பார்கள். எங்களில் பல பேருக்கு அது சாதி என்பதே தெரியாது, அது சர்நேம். உங்கள் ஊரில் வாலை வெட்டிவிட்டு மனதில் வைத்திருக்கிறார்களே, அவர்களை முதலில் கேளுங்கள்.

எங்கேயோ போய்விட்டேன். போனதுதான் போனேன், இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். என் பேரனுக்கு நாங்கள் வைத்தது முகிலன். மேகம்தான், ஆனால் வீட்டில் யாரும் வானத்தைப் பார்த்து வைக்கவில்லை, என் தம்பி முகிலன் சின்ன வயதில் போய்விட்டான், அவன் நினைவாக. மருமகள் ஒரு எண்கணிதக்காரரிடம் போனாள். அவர் காசு வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் நடுவே ஒரு ‘ஹெச்’சும் கடைசியில் ஒரு ‘என்’னும் சேர்த்துவிட்டார். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, தடுப்பூசி அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட் எடுக்கும்போது எல்லாவற்றுக்கும் சத்தியப் பிரமாணம். அந்தக் கப்பல் குமாஸ்தாவாவது இலவசமாகக் கெடுத்தார்.

சரி, நாவலுக்கு வருகிறேன். இயற்கைப் பெயரை வைத்து எழுத நிஜமாகவே நல்ல இடம் வேறொன்று இருக்கிறது. ஜூலுக்களிடம் ‘ஹ்லோனிபா’ என்று ஒரு மரியாதை வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரை மட்டுமல்ல, அந்த ஒலி வருகிற சாதாரண வார்த்தையையும் சொல்லக் கூடாது. மாமனார் பெயரில் மழை இருந்தால் மழை பெய்கிறது என்று அவளால் சொல்ல முடியாது, வேறு வார்த்தை தேட வேண்டும். ஸனேலே இதை விளக்கினபோது எனக்கு ஒன்றும் அதிசயமாக இல்லை. எங்கள் தாத்தா பெயர் ஆறுமுகம். பாட்டி ஐந்துக்குப் பிறகு “அதுக்கு அடுத்தது” என்று எண்ணிவிட்டு ஏழுக்குப் போவாள். உம்கேனி ஆற்றைத் தாண்டிப் போகும்போது “தண்ணி ஓடுற இடம்” என்பாள். தாத்தா செத்த பிறகும் அவள் வாயில் ஆறு வரவில்லை. உங்கள் கதையில் ஒரு ஜூலு மருமகளும் ஒரு தமிழ் மருமகளும் ஒரே குழாயடியில் நின்று, சொல்ல முடியாத வார்த்தைகளைச் சுற்றிச் சுற்றிப் பேசட்டும். ‘ஓடும் நதி’யை விட அது நன்றாக ஓடும்.

பெயரை ஜூலுவிலேயே விடுங்கள், அர்த்தம் தேவைப்பட்டால் யாராவது சண்டையில் சொல்லட்டும். யார் வைத்தது, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும், வாசகருக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒன்று, வேலையிடத்தில் ஒன்று என்று ஒரே ஆளுக்குப் பல பெயர் இருக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கொடுத்த பட்டியலில் நாயகிக்கு ‘ண்ட்லோவு’ என்று ஒரு பெயரும் இருக்கிறது. யானை என்று அர்த்தம், சரி, ஆனால் அது குடும்பப்பெயர். டூபே வரிக்குதிரை, ண்யாத்தி காட்டெருமை, இதுவும் அப்படியே. அம்மா மகளை “ண்ட்லோவு, சாப்பிட வா” என்று கூப்பிட மாட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்போது புருஷன் வீட்டார் பிறந்த வீட்டுப் பெயரைச் சேர்த்து ‘மாண்ட்லோவு’ என்பார்கள். அதுவரை அவளுக்கு வேறு பெயர் பாருங்கள்.