இரண்டாவது தொட்டி வைக்கலாமா? மீன் வளர்ப்புக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஒரு தொட்டியோடு நிறுத்த முடியாதவர்கள் எழுதியவை. படிக்கவே சந்தோஷமாக இருந்தது. அவற்றிலிருந்து சில.

ஒரு 2 அடித் தொட்டி இருக்கிறது. இன்னொன்று வைத்தால் வேலை இரட்டிப்பாகிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். உண்மையா? (திருச்சி)

இல்லை. வாளியும் ட்யூபும் எடுத்து, தரையில் பழைய துணி விரித்துவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. அடுத்த தொட்டிக்குக் கூடுதலாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். ஒரே தொட்டி வைத்திருப்பவர்தான் ஆசைப்பட்டதையெல்லாம் அதற்குள் போட்டு அவஸ்தைப்படுகிறார். வளர்ந்த ஏஞ்சல் மீன், பொடி மீனான நியான் டெட்ராவை ராத்திரியோடு ராத்திரியாக விழுங்கிவிடும். கோல்டு ஃபிஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், டிஸ்கஸுக்கு 28, 30 டிகிரி வேண்டும். தொட்டிகள் பலவாக இருந்தால் ஒவ்வொரு மீனுக்கும் அதனதன் தண்ணீரைக் கொடுக்கலாம். அப்போதுதான் அதன் உண்மையான குணமே தெரியவரும்.

என்னிடம் ஒரு தொட்டி ஆரஞ்சு குரோமைடு ஜோடிக்கு மட்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காயல், ஆற்று முகங்களில் இயல்பாக வாழும் மீன் அது. குஞ்சு பொரித்த சில நாளில் அந்தப் பொடிகள் தாய், தகப்பன் உடம்பில் ஒட்டி ஒட்டிக் கொத்தும். தோலில் ஊறும் வழவழப்பைத்தான் தின்கின்றன. பெரிய மீன்கள் அசையாமல் நின்று கொடுக்கும். பத்து வகை மீன் நெருக்கியடிக்கும் தொட்டியில் இந்தக் காட்சியை ஒருநாளும் பார்க்க முடியாது.

புதுத் தொட்டியில் மீன் விட்ட மூன்றாம் நாளே செத்துவிடுகிறது. என்ன மருந்து போடலாம்? (ஊர் எழுதவில்லை)

தொட்டி எத்தனை அடி? எத்தனை மீன்? கார்ப்பரேஷன் தண்ணீரா, போரா? எதுவுமே எழுதாமல் மருந்துப் பெயர் மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? மருந்து எதுவும் வேண்டாம். பெரும்பாலும் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாதான் காரணம். புதுத் தொட்டி சைக்கிள் ஆக, அதாவது அந்த அம்மோனியாவைத் தீர்க்கும் பாக்டீரியா வளர, 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை பொறுக்க வேண்டும். குழாய்த் தண்ணீரென்றால் குளோரினையும் நீக்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது தொட்டி வைப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. புது ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஒரு மாதம் பழைய தொட்டியிலேயே ஓடவிட்டு, பிறகு அப்படியே புதியதற்கு மாற்றுங்கள். பாக்டீரியாவும் கூடவே போய்விடும். எத்தனை தடவை எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவையும் எழுதுகிறேன்: ஸ்பாஞ்சைக் குழாயடியில் காட்டாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழியுங்கள். பழுப்பாக வருவது போதும், வெள்ளையாகும்வரை அலச வேண்டாம்.

இரண்டு ஆண் பீட்டாவை (சண்டை மீன்) நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து வளர்க்கலாமா? (சேலம்)

கூடாது. நாளெல்லாம் முறைத்துக்கொண்டே இளைத்துப்போகும். ஆளுக்கு ஒரு 15, 20 லிட்டர் தொட்டி, ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் ஒரு அட்டை மறைப்பு.

டேங்க் கிளீனர் மீன் ஒரு அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. பக்கத்து ஏரியில் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே? (தாம்பரம்)

தயவுசெய்து விடாதீர்கள். இந்தக் கடிதம் மாதாமாதம் யாராவது ஒருவரிடமிருந்து வருகிறது. புண்ணியம் என்று நினைத்துத்தான் எழுதுகிறீர்கள். தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த மீன் அது. நம் ஏரியில் அதை அடக்கும் எதிரி அநேகமாகக் கிடையாது. உடம்பெல்லாம் கவசம், முள் விரித்தால் கொக்கின் தொண்டையில் இறங்காது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை சரியும். ஆக்சிஜன் குறைந்த சாக்கடைத் தண்ணீரிலும் காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். வலை போடுகிறவருக்குக் கெண்டைக்குப் பதில் இது சிக்கி, வலையையும் கிழித்துவிட்டுப் போகும். தமிழ்நாட்டு ஏரிகளிலும், கேரளத்து ஆறுகளிலும், கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலத்திலும் இன்று இது பெருகிக் கிடக்கிறது. எல்லாம் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்தோ பண்ணையிலிருந்தோ போனதுதான். 2023இல் காஷ்மீரின் தால் ஏரியில் வட அமெரிக்காவின் அலிகேட்டர் கார் என்ற மீனே அகப்பட்டது. அதுவும் தானாக நீந்தி வந்திருக்காது.

விற்கும்போது இரண்டு இஞ்ச்தான் இருக்கிறது, ஒன்றரை அடிவரை வளரும் என்று கடையில் சொல்வதில்லை. எனக்குத் தீராத கோபம் இதில்தான். அது தொட்டியைச் சுத்தமும் செய்யாது. மற்ற மீனின் கழிவைத் தின்னாது, தன் கழிவைத்தான் மேலும் சேர்க்கும். பாசி பிடித்தால் விளக்கை 7, 8 மணி நேரமாகக் குறையுங்கள், ஜன்னல் வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள், கண்ணாடியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். உங்களிடம் இருக்கும் மீனை வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். சென்னைக்காரர்கள் கொளத்தூர் வண்ணமீன் சந்தை வரை போனால் சும்மா கொடுத்தால் எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கும். யாரும் வாங்கவில்லை என்றால் 4 அடித் தொட்டியில் நீங்களே வைத்துக் காப்பாற்றுங்கள். ஏரி, குளம், கோயில் தெப்பம், வீட்டுக் கிணறு எதிலும் விடக் கூடாது.

போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 900 காட்டுகிறது. ஆர்ஓ போட்டே ஆக வேண்டுமா? (திருப்பூர்)

மோலி, கப்பி, மலாவி சிக்லிட் வளர்த்தால் வேண்டாம். இவற்றுக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். டிஸ்கஸ், நியான் ஆசை இருந்தால் அந்த ஒரு தொட்டிக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீரைக் கலந்து விடுங்கள். வெறும் ஆர்ஓ மட்டும் ஊற்றாதீர்கள்.

மாடி வீட்டில் ஒரே ஸ்டாண்டில் மூன்று தொட்டி அடுக்கலாமா? (மதுரை)

கணக்குப் போட்டுவிட்டு அடுக்குங்கள். ஒரு கன அடிக்குச் சுமார் 28 லிட்டர். 2க்கு 1க்கு 1 அடித் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 56 கிலோ, கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 75, 80 வரும். அப்படி மூன்று என்றால் கால் டன்னை நெருங்கும். சுவர் ஓரமாக, பீம் வரும் பக்கமாக இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். டிவி ஸ்டாண்டு, பழைய மேஜை எதுவும் வேண்டாம். ஏர் பம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். கரண்ட் போனால் ட்யூப் வழியாகத் தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிடும். அப்புறம், ஒயர் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கி மேலேறும்படி விடுங்கள். வழியும் தண்ணீர் கீழேயே சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது.

எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலை போதுமா? (நாகர்கோவில்)

போதாது. வெள்ளைப் புள்ளி நோய் ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்குப் போவதே ஈர வலையிலும் ஈரக் கையிலும்தான். தொட்டிக்கு ஒரு வலை. புது மீனுக்கு 3 வாரம் தனித் தொட்டி, விதிவிலக்கே இல்லை.

ஐந்து நாள் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் தீனி போடச் சொல்லலாமா? (புதுச்சேரி)

வேண்டாம். வளர்ந்த மீன் 5 நாள் பட்டினி தாங்கும், பாசத்தில் கொட்டிய தீனி அழுகினால் தாங்காது. குஞ்சுத் தொட்டி இருந்தால் மட்டும் வேளைக்கு ஒரு சிட்டிகை என்று தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.